அமுதசுரபி உணர்த்தும் அருள்

தமிழிற் பிறந்த பௌத்த காப்பியமாகிய மணிமேகலையிலே, சாத்தனார் கருணையைச் சோற்றிலேயே காட்டுகின்றார். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை உடையவன் ஆபுத்திரன். மரக்கலத்தார் அறியாது விட்டுச்செல்ல, அவன் மணிபல்லவத்திலே தனித்தான். அத்தீவு நம் நயினாதீவே என்பர் அறிஞர் பலர். ஆங்குப் பசித்தோர் எவருமிலர். தான் மாத்திரம் உண்ண மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உயிர் நீத்தான். பின்னர் அதனைப் பெற்ற மணிமேகலை, ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்றாள். காயசண்டிகையின் தீராப் பசியைத் தணித்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வாகரையை அழித்த பின்னாளில், தம் சோற்றிற் பாதியை எனக்கீந்தவரின் பெயரை இன்றும் அறியேன். அவரும் பசித்தே இருந்தார்.

மாணவர்காள்! பகலுணவின்றி அருகிருக்கும் தோழனை நீவிர் கண்டுகொள்வீராயின், இப்பாடம் முற்றிற்று.