ஸ்கேனருக்கு ஏற்ற ஆண்டெனா: வாங்குமுன் சில குறிப்புகள்

மலாக்காவின் பத்து பெரண்டாமில் இருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் மலாக்கா நீரிணையில் கப்பல்கள். இவற்றின் வானொலிப் பேச்சைக் கேட்க ஸ்கேனர் வாங்கும் ஆசை இங்கே வருவதில் வியப்பில்லை. ஆனால் பலர் ஸ்கேனருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, ஆண்டெனாவைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள்.

1. சட்டத்தை முதலில் பாருங்கள். 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம், 234வது பிரிவில், அதிகாரம் இல்லாமல் பிறருடைய தொடர்பை இடைமறிப்பதைக் குற்றம் என்கிறது. எதைக் கேட்கலாம், எந்தக் கருவிக்கு அனுமதி வேண்டும் என்று மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் (எம்சிஎம்சி) கேட்டுக்கொண்டு வாங்குங்கள். காதில் விழுந்ததைப் பதிவு செய்து வாட்ஸ்ஆப்பில் சுற்றுக்கு விடுவது வேண்டவே வேண்டாம். “போலீஸ் பேச்சும் வரும்” என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அது டிஜிட்டலுக்கு மாறிப் பூட்டும் போட்டாகிவிட்டது. எந்தக் கம்பியை நட்டாலும் வராது.

2. எந்த அலைவரிசை என்று ஒரு தாளில் எழுதுங்கள். விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ், அதுவும் ஏஎம் முறையில். கப்பல்கள் 156 முதல் 162 வரை. அவசர அழைப்புக்கான 16வது சேனல் 156.8. அமெச்சூர் (ஹாம்) வானொலிக்காரர்கள் 144 முதல் 148, 430 முதல் 440. ‘25 முதல் 1300 வரை எல்லாம் பிடிக்கும்’ என்று பெட்டியில் போட்டிருந்தால், பிடிக்கும்தான். எல்லாவற்றையும் ஒரே அளவு நன்றாகப் பிடிக்காது.

3. நீளத்துக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. 7125ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால், கால் அலைக் கம்பியின் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 125க்கு 57, 145க்கு 49, கப்பலின் 156.8க்கு 45, 435க்கு 16. இதில் ஒரு வசதி பாருங்கள்: 16ஐ மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய 49. அதனால்தான் 145க்கு வெட்டிய கம்பி 435லும் வேலை செய்கிறது. ஹாம் கடையில் ‘டூயல் பேண்ட்’ என்று விற்பதில் பலவும் இந்த உறவை வைத்துத்தான். அலையை அனுப்பும் கருவிக்கு நீளம் கச்சிதமாக இருக்க வேண்டும். ஸ்கேனர் கேட்க மட்டும்தான், கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் குடி முழுகாது. நம் பக்கத்துக்கு 50, 55 சென்டிமீட்டர் சாதாரணக் கம்பியே போதும் என்பேன். விமானம், ஹாம், கப்பல் மூன்றும் அதில் அடங்கிவிடும்.

4. காரிலும் கேட்க நினைப்பவர்களுக்கு: விரல் நீளக் குட்டி ஆண்டெனா காருக்கு அழகு. காதுக்கு ஒன்றும் இல்லை.

5. காந்த அடி உள்ளதை வாங்கினால், கார் கூரையின் நடுவில் வையுங்கள். கீழே இருக்கும் தகரம்தான் ஆண்டெனாவின் மறுபாதி. ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் நன்றாகக் கேட்கும், மறுபக்கம் மங்கும். சில கார்களில் கூரையே கண்ணாடி, சிலவற்றில் அலுமினியம். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் சின்னக் காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வகை, உலோகம் கலந்த டின்ட் போட்ட காருக்கு உதவாது. அவ்வப்போது காந்தத்தைத் தூக்கி அடியைத் துடையுங்கள். இல்லாவிட்டால் மழைநீரும் மண்ணும் சேர்ந்து சாயத்தைக் கீறிவிடும்.

6. ஸ்கேனரில் ஆண்டெனா மாட்டும் வாயைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பிஎன்சியா, எஸ்எம்ஏவா? எஸ்எம்ஏவில் ஆண், பெண் என இரண்டு உண்டு. பொருந்தாவிட்டால் அடாப்டர் ஒன்று போதும். மூன்றைக் கோத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ஆட்டமும் கரகரப்பும் வரும். கேபிள் நாலைந்து மீட்டர் என்றால் ஆர்ஜி-58 பரவாயில்லை. மெல்லிய ஆர்ஜி-174 சுலபமாக வளையும், ஆனால் 430க்கு மேல் சிக்னலை விழுங்கும். கதவு இடுக்கில் நசுங்காமல் ரப்பர் வழியாக விடுங்கள். உள்ளே நுழையும் இடத்துக்கு முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

7. வீட்டிலும் அதே காந்த ஆண்டெனாவைப் பயன்படுத்தலாம். பெரிய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து ஜன்னல் அருகே நிறுத்துங்கள். பழைய லயத்து வீடு என்றால் ஜிங்க் கூரையே போதும். கம்பி நிமிர்ந்து நிற்கட்டும். விமானமும் கப்பலும் நிமிர்ந்த கம்பியில்தான் பேசுகின்றன.

8. ‘பூஸ்டர்’ வாங்குமுன் யோசியுங்கள். ஒலிபரப்புக் கோபுரம் இருக்கும் லேடாங் மலைப் பக்கம் காரில் போனால், பூஸ்டர் எஃப்எம் நிலையங்களையும் சேர்த்துப் பெரிதாக்கி ஸ்கேனரைத் திணறடிக்கும். அந்தக் காசில் 88 முதல் 108 வரை தடுக்கும் ஃபில்டர் வாங்கலாம்.

9. பிற்பகலில் வானம் இருட்டத் தொடங்கியதும், இடி முழங்குமுன்பே, கூரை ஆண்டெனாவின் கேபிளை ஸ்கேனரிலிருந்து கழற்றி விலக்கி வையுங்கள். இடியோ மின்னலோ ஆரம்பித்த பிறகு கூரைப் பக்கமோ கேபிள் பக்கமோ போகாதீர்கள். வெளியூர் போகும் நாள்களிலும் கழற்றிவிட்டே கிளம்புங்கள்.