கரும்புச் சக்கையும் மின்சாரமும்

உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சர்க்கரை ஆலைகளின் புகைபோக்கிகள் ஓய்வதில்லை. ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 300 கிலோ சக்கை எஞ்சும். அதில் பாதி ஈரம். அவ்வளவு ஈரத்தோடும் கிலோவுக்குச் சுமார் 2,300 கிலோகலோரி வெப்பம் உண்டு. ஆலையின் அடுப்புக்கு ஆலைக் கழிவே விறகு.

பழைய ஆலைகளின் கொதிகலன்கள் சக்கையைச் சிக்கனமாக எரிப்பதற்காக அமைந்தவை அல்ல. மிஞ்சிய சக்கையைக் குவித்தால் அது புளித்துச் சூடேறித் தானே தீப்பற்றுவதும் உண்டு. ஆகவே எரித்துத் தொலைப்பதே நோக்கமாயிற்று. மின்சாரத்தை வாங்குவார் இல்லாத காலத்தில் அதைக் குறை கூறுவதற்கில்லை.

அனல்மின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றிய நீராவியைக் குளிரச் செய்து மீண்டும் நீராக்குகிறார்கள். எரிபொருளின் வெப்பத்தில் பாதியளவு அங்கேயே போய்விடுகிறது. சர்க்கரை ஆலையிலோ அந்த நீராவி சாறு காய்ச்சும் கலங்களுக்குச் செல்கிறது. வேலை செய்து களைத்த நீராவியிலும் உள்ளுறை வெப்பம் பெரும்பாலும் குறையாமல் இருக்கிறதன்றோ? சாற்றுக்கு வேண்டியது அதுவே.

இனி அழுத்தத்தைக் கவனியுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ அழுத்தமும் 340 டிகிரி சூடும் உள்ள நீராவிக்குப் பதிலாக, 67 கிலோ அழுத்தமும் 485 டிகிரி சூடும் உள்ள நீராவியை ஆக்கினால் வெப்பச் செலவு பத்தில் ஒரு பங்கே கூடும். டர்பைனில் பெறத்தக்க வேலையோ ஒன்றரை மடங்கைத் தாண்டும்! பழைய கொதிகலனை மாற்றுவதற்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை.

ஆனால் கொதிகலனை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஒரு டன் கரும்புக்குச் சாறு காய்ச்ச 500 கிலோ நீராவி செலவிடும் ஆலைகள் உண்டு. கலங்களைத் திருத்தி 400 கிலோவுக்குக் கீழே கொண்டுவந்தவையும் உண்டு. மிச்சப்படும் சக்கையே விற்பனைக்குரிய மின்சாரம்.

சக்கைக்கு வேறு பங்காளியும் இருக்கிறார். கரூரை அடுத்த காகிதபுரத்து ஆலை சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சக்கை தரும் சர்க்கரை ஆலைக்கு ஈடாக நீராவியோ எரிபொருளோ கொடுக்க வேண்டியிருக்கிறது. நார் காகிதமாவதா, நெருப்பாவதா என்பதை அந்தந்த ஊரின் கரி விலைதான் முடிவு செய்யும்.

அரவை நின்ற மாதங்களில் நிலைமை வேறு. சேமித்த சக்கை தீர்ந்ததும் மின்சாரம் தொடர வேண்டுமானால் நிலக்கரிதான். காய்ச்சுவதற்குச் சாறும் இல்லை. நீராவியின் வெப்பம் குளிர்விக்கும் கோபுரத்தின் வழியே வானுக்குப் போகிறது.