காதிரைச்சல்: முதல் ராத்திரியிலிருந்து ஆடியோகிராம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வீடு அடங்கிய பிறகுதான் அது ஆரம்பிக்கும். சுவர்க்கோழி கத்துவதுபோல 'ஙொய்ங்' என்று. ஜன்னலைச் சாத்தினாலும் நிற்காது. எனக்கு இடது காதில் இது வந்து ஒன்பது வருடமாகிறது. முதல் மாதம் நான் பட்ட பயம் உங்களுக்கு வேண்டாம். ஒவ்வொரு படியாகச் சேர்ந்தே போவோம்.

எதனால் வருகிறது?

சிலருக்கு வெறும் காதுக் குறும்பிதான் காரணம். எடுத்துவிட்டால் சத்தமும் போய்விடும். செவிப்பறையில் ஓட்டை, சீழ், அதிக அளவில் எடுக்கும் ஆஸ்பிரின் மாத்திரை, ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் இவையும் காரணமாகலாம்.

பெரும்பாலும் கோளாறு உள்காதில்தான். அங்குள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் வயதாலோ பேரொலியாலோ கெட்டால் திரும்ப முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் ஒலி குறையக் குறைய, மூளை தானே வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது. அதுதான் இரைச்சலாகக் கேட்கிறது என்கிறார்கள் மருத்துவர்கள். கல்குவாரி, கிரஷர் வேலைக்குப் போகிறவர்கள் இன்றிலிருந்தே காதடைப்பான் போடுங்கள்.

எங்கே, எப்படித் தொடங்குவது?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போவோம். பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தால், புறநோயாளி சீட்டு வாங்க நேரம் இருக்கும். எந்தக் காது, எப்போதிலிருந்து, என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் காதுக்குள் பார்ப்பார், இசைக்கவையைத் தட்டி வைத்துப் பார்ப்பார். அடுத்தது ஆடியோகிராம். சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அந்த அமைதியில் நம் இரைச்சல் பெரிதாகிவிடும். எது பீப், எது நம் காது என்று குழம்பும். உட்காரும்போதே "எனக்கு இரைச்சல் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். விட்டுவிட்டு வரும் ஒலியை வைத்துச் சோதிப்பார்கள்.

எவ்வளவு செலவாகும்?

அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை. தனியாரிடம் ஆடியோகிராமுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். பெரிய செலவு காது மிஷின்தான். சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தையும் தாண்டும். ஆடியோகிராம் கைக்கு வராமல், மாட்டிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச மிஷினுக்கு விண்ணப்பிக்கலாம்.

எந்தச் சிகிச்சை நல்லது?

இரைச்சலை நிறுத்தும் மாத்திரை இதுவரை இல்லை. ஜிங்கோ, துத்தநாக மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-லேயே சொல்லிவிட்டது. அந்தக் காசைச் சேர்த்து வையுங்கள்.

கேட்கும் திறன் குறைந்திருந்தால் மிஷின் உதவும். வெளி ஒலி உள்ளே வர, இரைச்சல் பின்னுக்குப் போகும். தூக்கமும் நிம்மதியும் கெட்டிருந்தால் மனநல ஆலோசனை கேளுங்கள். சத்தம் குறையாது, ஆனால் அது நம்மைப் படுத்தும் பாடு குறையும்.

ஒலியை ஒலியால் ஆற்றுவது இன்னொரு வழி. ஒகேனக்கல்லில் அருவிப் பக்கம் நின்றபோது என் காதில் ஙொய்ங் இல்லவே இல்லை. வீட்டில் அவ்வளவு வேண்டாம். படுக்கும்போது ஃபேனும், இரைச்சலுக்குச் சற்றுக் கீழே வைத்த ரேடியோவும் போதும்.

உஷார்!

திடீரென ஒரு காது கேட்காமல் போனால், 'சளி அடைப்பு' என்று காத்திருக்காதீர்கள். அன்றே, முடியாவிட்டால் மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு மருந்து பலிக்கும் நாட்கள் கொஞ்சம்தான். நாடித்துடிப்போடு சேர்ந்து 'தொம் தொம்' என்று கேட்டாலும், ஒரே காதில் மட்டும் இரைந்தாலும், தலைசுற்றலோ முகம் கோணுவதோ சேர்ந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சிய எண்ணெய், ஹேர்பின், தீக்குச்சி எதுவும் காதுக்குள் போகக் கூடாது. டாக்டர் எழுதிய மாத்திரையில் சந்தேகம் வந்தால், நீங்களாக நிறுத்தாமல் சீட்டோடு போய் அவரிடமே கேளுங்கள்.