சுழலும் நொதி

கேள்வி: கோடிக்கணக்கான மூலக்கூறுகளைச் சேர்த்தே ஆராயலாமே, ஒன்றை மட்டும் தனியாகப் பார்ப்பதில் என்ன லாபம்?

பதில்: சேர்த்துப் பார்த்தால் சராசரிதான் கிடைக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் அசைவதால், அசைவே கணக்கில் மறைந்துவிடும். உதாரணமாக, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியைத் தயாரிக்கும் நொதி, சுழன்றபடி வேலை செய்கிறது என்று உயிர்வேதியியலாளர் பால் பாயர் வாதிட்டார். கண்ணால் கண்டவர் இல்லை. 1997-இல் ஜப்பானில் ஹிரோயுகி நோஜியும் கூட்டாளிகளும், வெப்பத்தில் வாழும் பாக்டீரியாவிலிருந்து அந்நொதியின் ஒரு பகுதியை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி, அதன் நடு அச்சில் ஒளிரும் ஆக்டின் என்ற புரத இழையைப் பொருத்தினார்கள். நொதி சுமார் 10 நானோமீட்டர்தான். இழை அதைவிட நூறு மடங்கு நீளம். தனியாக எடுத்த இந்தப் பகுதி ஏடிபியைத் தயாரிக்காமல், அதை உடைத்தபடி தலைகீழாக இயங்கும். ஏடிபி சேர்த்ததும் நுண்ணோக்கியில் இழை சுற்றியது, எப்போதும் ஒரே திசையில்! என்னைக் கேட்டால், உயிரியலின் மிக அழகான சோதனை இதுதான். பிறகு ஏடிபியை வெகுவாகக் குறைத்துப் பார்த்தார்கள். இழை 120 பாகைக்கு ஒருமுறை நின்று நின்று நகர்ந்தது, அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று நிறுத்தம். நொதியில் வினை நடக்கும் இடங்களும் மூன்றுதான்.