ஸ்ட்ராபெரியும் பாலும் சண்டை போடாமல்

காபிக் கடைக்குப் போய்க் காபி குடிக்காமல் திரும்பும் கூட்டம் ஒன்று உண்டு. என் மகள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள். உயரமான கண்ணாடி டம்ளர், அடியில் சிவப்பு, மேலே வெள்ளை, நடுவில் இரண்டும் கலந்து கோடு கோடாக இறங்கும் இளஞ்சிவப்பு. அதற்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் பில். “அம்மா, இதை வீட்டிலயே பண்ண முடியாதா?” என்று அவள் கேட்டதிலிருந்து, ஸ்ட்ராபெரி சீசன் வந்தால் எங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் சிரப் இருந்துகொண்டே இருக்கிறது. செய்து பார்த்துப் பிடிபட்டவற்றை எழுதுகிறேன்.

கடையில் கொடுப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இந்தப் பானங்களில் இரண்டு வகை. பால், ஐஸ், சிரப் மூன்றையும் பிளெண்டரில் அடித்துக் கூழாகத் தருவது ஒன்று. ஸ்டார்பக்ஸ் 1995-ல் கொண்டுவந்த ஃப்ரப்புச்சினோ இந்த வகை. இன்னொன்று அதே கடையின் ‘பிங்க் டிரிங்க்’. ஸ்ட்ராபெரி அசாயி பானத்தில் தண்ணீருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் ஊற்றச் சொல்லி வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்து, 2016-ல் அதன் படங்கள் இன்ஸ்டாகிராமில் பரவி, 2017-ல் அது மெனுவிலேயே ஏறிவிட்டது. அதன் அடிப்படைச் சாற்றில் முதலில் வருபவை தண்ணீர், சர்க்கரை, வெள்ளைத் திராட்சைச் சாறு. மிதக்கும் ஸ்ட்ராபெரித் துண்டுகள் உறையவைத்து உலர்த்தியவை. வறுக்காத காபிக் கொட்டையின் சாறும் கொஞ்சம் சேர்வதால் காஃபீனும் உண்டு. ஆகவே அதை அச்சு அசலாக நகலெடுக்க மெனக்கெட வேண்டாம். நல்ல பழம் கையில் இருக்கும்போது எதற்கு? வீட்டில் செய்வதில் காஃபீனும் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

பழத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் விளையும் ஸ்ட்ராபெரியில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி பக்கத்திலிருந்து வருகிறது. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடைகளில் நிறையப் பார்க்கலாம். நாங்கள் கோவையில் இருப்பதால் ஊட்டி, கோத்தகிரிப் பழமும் அவ்வப்போது கிடைக்கும். அளவில் சிறியது, புளிப்பு கொஞ்சம் தூக்கல். சிரப்புக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். எந்த ஊர்ப் பழமானாலும் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மேலே பளபளவென்று அடுக்கிவிட்டு, அடியில் நசுங்கியதை வைப்பது வாடிக்கை. காம்புப் பக்கம் வெள்ளையாக இருந்தால், வீட்டில் வைத்துப் பழுக்கவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்ட்ராபெரி மாம்பழம் மாதிரி இல்லை. பறித்த பிறகு நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது.

வாங்கி வந்தவுடன் கழுவி வைக்காதீர்கள், மறுநாளே பூஞ்சை பிடிக்கும். செய்யப்போகும் நேரத்தில், பச்சைக் காம்போடு கழுவிவிட்டு அதன் பிறகு காம்பைக் கிள்ளுங்கள். காம்பை எடுத்துவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். ஏற்கெனவே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராக இருக்கிற பழம் அது.

இனிப் பாலுக்கும் பழத்துக்கும் உள்ள தகராறு. ஸ்ட்ராபெரியில் சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் இருக்கின்றன. அதன் பிஎச் அளவு மூன்றிலிருந்து நான்குக்குள். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் பிஎச் 4.6-க்கு இறங்கினால் ஒன்றோடொன்று ஒட்டித் திரியும். எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுக்கிறோமே, அதே வேலைதான். பச்சைப் பழத்தை அரைத்து, அறைச் சூட்டில் இருக்கும் பாலில் ஊற்றினால் பத்து நிமிடத்தில் டம்ளர் ஓரத்தில் துகள் துகளாகத் தெரிவது இதனால்தான். கெட்டுப்போனதில்லை, குடிக்கலாம். ஆனால் வழவழப்பு போய்விடும். இதற்குப் பெரிய மருந்து குளிர்ச்சி. நன்றாகக் குளிர்ந்த பாலில் கேசீன் அவ்வளவு சீக்கிரம் திரளாது. சிரப், பால், முடிந்தால் டம்ளர் என எல்லாமே ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும். சிலர் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் திரியாது என்பார்கள். போடாதீர்கள். ஸ்ட்ராபெரியின் சிவப்பு அமிலம் இருக்கும்வரைதான் சிவப்பு. அமிலத்தைக் கொன்றால் நிறம் சாயம்போன ஊதாவாக மாறும், சோப்பு வாடையும் வரும்.

சிரப்பில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். 200 கிராம் பழத்துக்கு 60 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய ஐந்து மேசைக்கரண்டி. முக்கால் பங்கு பழத்தை நறுக்கிச் சர்க்கரை தூவி அரை மணி நேரம் மூடி வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை இழுத்துவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. அப்படியே அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் எட்டிலிருந்து பத்து நிமிடம். கரண்டியில் எடுத்தால் இழைபோல ஒழுகும் பதம் போதும், ஜாம் பதத்துக்குப் போக வேண்டாம். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டியில் வைத்தால் நிறம் கறுத்துவிடும்.

இறக்கி நன்றாக ஆறிய பிறகு, எடுத்து வைத்த கால் பங்கு பச்சைப் பழத்தைச் சேர்த்து மிக்ஸியில் அரையுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. ஸ்ட்ராபெரியின் வாசனை ஆவியாகிப் போகிற வகை. முழுவதையும் கொதிக்கவைத்தால் நிறமும் கெட்டியும் வரும், வாசனை அடுப்படியோடு போய்விடும். முழுவதையும் பச்சையாக அரைத்தால் வாசனை இருக்கும், ஆனால் நீர்த்துப்போய்ப் பாலோடு சண்டை போடும். சமைத்தது உடம்பு, பச்சை உயிர். அரைக்கும்போது ஓடவிடாமல் விட்டுவிட்டு நாலைந்து சுற்று சுற்றினால் போதும். விதைகள் அரைபட்டால் லேசாகக் கசக்கும். வடிகட்டுவது உங்கள் விருப்பம். என் மாமியாருக்குப் பல்லிடுக்கில் விதை மாட்டும் என்பதால் நான் வடிகட்டுகிறேன். மகளுக்கு விதை தெரிந்தால்தான் ‘ஒரிஜினல்’. ஒரு சிட்டிகை உப்பு மறக்காமல் சேர்க்க வேண்டும். குளிர்ச்சியில் இனிப்பு மட்டுப்படும் என்பதால், வெறும் வாயில் சுவைத்தால் ‘கொஞ்சம் தூக்கலோ’ என்று தோன்றுகிற இனிப்புதான் ஐஸ் போட்ட பிறகு சரியாக இருக்கும்.

நிறம் வெளிறியிருக்கிறதே என்று சிவப்புச் சாயம் விடுகிறவர்கள் உண்டு. அதற்கு ரோஸ்மில்க்கே குடிக்கலாம். மயிலாப்பூர் காளத்தி கடைப் பக்கம் போகிறவர்கள் அதைத்தானே தேடிப் போகிறார்கள்? ரோஸ்மில்க்கின் அழகு வேறு, இதன் அழகு வேறு. இந்தப் பானம் மங்கலான இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

அடுத்தது வழவழப்பு. கிரீமைக் கொட்டினால் கடைபோல வரும் என்று நினைப்போம். கொழுப்பு மட்டும் போதாது, பாலில் உள்ள மற்ற திடப்பொருளும் வேண்டும். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஃபுல் கிரீம் பாலில் 6. நான் ஃபுல் கிரீம் பால் கால் லிட்டரைக் காய்ச்சி, இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரும், ஒரு டீஸ்பூன் சோள மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்ததும் சேர்த்து, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குகிறேன். ஆறும்வரை அவ்வப்போது கிளறாவிட்டால் ஆடை படியும். எப்படியும் கடைசியில் ஒருமுறை வடிகட்டிவிடுங்கள், உறிஞ்சு குழலில் ஆடை மாட்டினால் குடிப்பவர் முகம் போகும் போக்கைப் பார்க்க முடியாது. ஆறியதும் கால் டீஸ்பூன் வெனிலா எசென்ஸ். கஸ்டர்டு பவுடரில் இரண்டுமே இருக்கிறதே என்று தோன்றும். அதன் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பை ஆரஞ்சாக்கிவிடும், ஆகவே வெறும் சோள மாவுதான். இந்தச் சோள மாவு பால் திரியாமலும் கொஞ்சம் காக்கிறது.

தேங்காய்ப்பால் வகைக்கு நம் வீடுகளில் சாதகமும் உண்டு, சிக்கலும் உண்டு. கடையில் ஊற்றுவது நீர்க்கச் செய்து, பிரியாமல் இருக்கப் பொருள் சேர்த்த பால். நாம் பிழிவதோ கெட்டியான முதல் பால். அதை அப்படியே ஐஸில் ஊற்றினால் நாக்கில் மெழுகுபோல ஒட்டும், ஏனென்றால் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். ஆப்பத்துக்கு ஊற்றுகிற ருசியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாம் பால் முக்கால் டம்ளர், முதல் பால் இரண்டு மேசைக்கரண்டி, இதுதான் என் கணக்கு. அன்றன்று பிழிந்து, துணியில் வடிகட்டி, ஒரு மணி நேரம் மட்டும் குளிரவைத்து, ஊற்றும் முன் பாட்டிலோடு நன்றாகக் குலுக்க வேண்டும். இதில் கேசீன் இல்லாததால் பசும்பால்போலத் திரிவதில்லை. இதன் சிரப்போடு விதையில்லாத பச்சைத் திராட்சையை அரைத்து வடிகட்டிய சாறு இரண்டு கரண்டி சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கக் கடைப் பானத்தின் அந்தப் புளிப்பும் இனிப்பும் அதில்தான் இருக்கிறது. நாசிக் திராட்சையும் ஸ்ட்ராபெரியும் நம் ஊருக்கு வந்து சேரும் மாதங்கள் ஏறக்குறைய ஒன்றே.

சேர்ப்பது எளிது. டம்ளரின் உள்சுவரில் நான்கு மேசைக்கரண்டி சிரப்பைக் கரண்டியால் தடவிவிட்டு, ஐஸை விளிம்பு வரை நிரப்பி, 150 மில்லி பாலை மெதுவாக ஐஸின் மேலேயே ஊற்றினால் கோடுகள் தானாக விழும். ஐஸ் அதிகம் போட்டால் சீக்கிரம் நீர்த்துவிடும் என்று பயந்து நாலு கட்டி மட்டும் போடுகிறோம். உண்மையில் குறைந்த ஐஸ்தான் விரைவில் உருகித் தண்ணீராகிறது. நிறைய இருந்தால் பானம் உடனே குளிர்ந்து, உருகுவது மட்டுப்படும். மிச்சப் பாலை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து அந்தக் கட்டிகளையே போட்டால் இன்னும் நல்லது.

அடித்துக் கூழாகக் குடிக்க ஆசைப்பட்டால் ஐஸைத் துணியில் சுற்றிக் குழவியால் தட்டி உடைத்த பிறகே ஜாரில் போடுங்கள். மிக்ஸியின் திருகை இடப்பக்கம் திருப்பி, விட்டுவிட்டு அடிப்பதே சரி. தொடர்ந்து ஓடவிட்டால் ஜார் சூடாகி, ஐஸ் கரைந்து, ஸ்ட்ராபெரிப் பால்தான் மிஞ்சும்.

மேலே நுரை வேண்டுமென்றால் ஒரு சங்கதி. நம் கடைகளில் எளிதில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புக் கிரீம் எவ்வளவு அடித்தாலும் கோபுரமாக நிற்காது, அதற்கு 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதைவிடச் சுலபம், கொழுப்பு குறைந்த குளிர்ந்த பாலை ஒரு மூடி போட்ட பாட்டிலில் பாதி ஊற்றி அரை நிமிடம் குலுக்குவது. குளிர்ந்த நுரைக்குக் கொழுப்பு இடைஞ்சல், புரதம்தான் அதைத் தாங்குகிறது. சிரப்பை நுரை வந்த பிறகு ஒரு டீஸ்பூன் விட்டால் போதும்.

பச்சைப் பழம் சேர்ந்திருப்பதால் சிரப்பை ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாளுக்கு மேல் வைப்பதில்லை. கோடைக்கு வேண்டும் என்றால் மார்ச்சிலேயே பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். உருகினால் தொளதொளவென்று ஆகிவிடும், ஆனால் சமைக்கும் முக்கால் பங்குக்கு அது ஒரு குறையே இல்லை, சாறு சீக்கிரம் விடும். பச்சையாகச் சேர்க்கும் கால் பங்கை மட்டும் உருகவிடாமல் கல்லுப்போல இருக்கும்போதே மிக்ஸியில் போட்டு, அன்று ஐஸைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.