வட்டத்தில் உட்காரப் போகிற உனக்கு

மகளிர் குழுப் பெண்களுக்கு விளையாட்டு நடத்தி, அப்படியே அவர்கள் மனசில் இருப்பதைப் பேசவும் வைக்கிற வேலைக்கு உன்னை அனுப்புகிறார்களாம். சந்தோஷம், தாயி. ஒரு நோட்டு நிறைய விளையாட்டுகளை எழுதி வைத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நாலைந்து போதும். மற்றதற்கு நான் சொல்வதைக் கேட்டுக்கொள்.

1. முதலில் நீ விளையாடு. ஓரமாக நின்று கைதட்டி அடுத்தவரை ஓடவிடுகிறவளை யாரும் நம்ப மாட்டார்கள். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. சிலேட்டைப் பார்த்தால் கூச்சப்பட்டு ஒதுங்கியவர்கள்கூட சைக்கிள் என்றதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தாங்களே சரியாக ஓட்டத் தெரியாது. ஒருத்தி விழ, தூக்கிவிடப் போனவளும் விழ, தெருவே சிரிக்கும். கூடி விழுந்தால் வெட்கம் பாதி. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளிடம் அவர்கள் சொல்லாத விஷயம் கிடையாது.

2. எடுத்த எடுப்பிலேயே கையைக் கோக்கச் சொல்லாதே. பயிற்சிப் புத்தகங்களில் பாதி விளையாட்டு கைகோத்துத்தான் தொடங்கும். எழுதியவர்களுக்கு நம் ஊர் தெரியாது. யார் கையை யார் தொடலாம் என்று இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், விரல் நுனியை மட்டும் நீட்டுவார்கள். அப்படி நீட்டப்பட்ட விரலைப் பிடிக்கிறவளுக்கு அன்றைய விளையாட்டு அங்கேயே முடிந்துபோகும். முழ நீளத்தில் கயிற்றுத் துண்டுகள் வெட்டி எடுத்துப்போ. ஆளுக்கு ஒரு முனை. ஓட்டமும் சிரிப்பும் ஏறியதும் கயிறு தானாக நழுவும். நழுவாவிட்டாலும் விடு, அடுத்த வாரம் இருக்கிறது.

3. ஆனால் அந்தக் கணக்குப்படியே உட்காரவும் விடாதே. மேலத்தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், தலைவி நடுவில் என்றுதான் எந்தக் கூட்டமும் தொடங்கும். அதைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் எழுந்து போய்விடுவார்கள். பழக்கூடை ஆடு. ஆளுக்கொரு பழத்தின் பெயர் கொடுத்து, ‘மாம்பழம்’ என்றால் மாம்பழங்கள் எல்லாம் இடம் மாற வேண்டும். ‘கூடை கவிழ்ந்தது’ என்றால் எல்லோரும். நாலு தடவை கவிழ்த்தால் யார் பக்கத்தில் யார் என்பது அவர்களுக்கே மறந்துபோகும். அந்த இடத்திலேயே உட்காரவைத்துப் பேச்சைத் தொடங்கிவிடு.

4. போட்டி வைக்காதே, பரிசுப் பாத்திரம் கொண்டுபோகாதே. தோற்றவள் பேச மாட்டாள்.

5. விளையாட்டு முடிந்த பிறகுதான் உன் வேலை. பட்டதைத் திரும்பிப் பார்த்து, அதில் என்ன புரிந்தது என்று யோசித்து, அடுத்த முறை வேறுமாதிரி செய்து பார்க்கிற சுற்றில்தான் மனிதர்கள் கற்கிறார்கள் என்று டேவிட் கோல்ப் 1984இல் ஒரு புத்தகமே எழுதினார். நீ மூன்று கேள்வி வைத்துக்கொள்: என்ன நடந்தது? அப்போது மனசில் என்ன ஓடியது? வீட்டிலோ வயலிலோ நூறு நாள் வேலையிலோ இதே மாதிரி எங்கே நடக்கிறது? வரிசை மாறக் கூடாது. மூன்றாவதை முதலில் கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும். ‘ஏன்’ என்று கேட்பதைக் கடைசிவரை தள்ளிப்போடு. அது நம் பெண்கள் காதில் விசாரணையாக விழுகிறது.

கேட்டுவிட்டுச் சும்மா இரு. இதைவிடக் கஷ்டமான வேலை இந்தத் தொழிலில் இல்லை. ஒரு தடவை கண்ணைக் கட்டி, கயிற்று முனையைப் பிடித்து ஒருவரை ஒருவர் நடத்திப் போகிற விளையாட்டு. முடிந்து உட்கார்ந்தோம். கேள்வி கேட்ட பெண் உன் வயசுக்காரி. யாரும் வாய் திறக்கவில்லை. புடவைத் தலைப்பைத் திருகுகிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள், ஒருத்தி வெளியே ஆட்டைப் பார்க்கிறாள். எனக்கே நாக்கு துறுதுறுத்தது. அந்தப் பெண் அசையவில்லை. வெகுநேரம் கழித்து மூலையிலிருந்து ஒரு அம்மா, “எம்மக வயசுக்கு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான் இழுத்துக்கிட்டுப் போறேன். கட்டை அவுத்துவிட்டா நல்லாத்தான் நடப்பா போல” என்றார். அதற்கப்புறம் பேச்சை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. நான் குறுக்கே விழுந்து ‘நம்பிக்கை’ பற்றி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

6. விடை உன் பையில் இருக்கிறது என்று நினைக்காதே. பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தார். அங்கே நடந்ததாக அவரே எழுதிய கதை இது. வீடு கட்டிய செலவுக்கு ரசீது என்று சொல்லிக் கணவன் கொடுத்த காகிதங்களை ஒரு பெண் பத்திரமாக வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவளிடம் காட்டினால், எல்லாம் இன்னொருத்தி அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள். அவள் என்ன செய்யலாம் என்று போவால் குழு நடித்துக் காட்டியது. பார்க்க வந்திருந்த இன்னொரு பெண், அவனிடம் தெளிவாகப் பேச வேண்டும் என்றாள். நடிகர்கள் பேசிப் பார்த்தார்கள். அது இல்லை என்றாள். திரும்பப் பேசினார்கள். அதுவும் இல்லை. நீயே வந்து காட்டு என்று மேடைக்கு அழைத்தார் போவால். அவள் ஏறி, கணவனாக நடித்தவனைச் சாத்து சாத்தென்று சாத்தினாள். ‘தெளிவான பேச்சு’ என்று அவள் சொன்னது அதைத்தான்! பார்வையாளரே மேடையேறுகிற அவருடைய மன்ற நாடகம் அங்கிருந்து பிறந்தது. நடத்துகிறவருக்கு அவர் வைத்த பெயர் ஜோக்கர். சீட்டுக்கட்டில் எந்தச் சாதியிலும் சேராத சீட்டு. நீயும் அப்படி இரு. அடியைத்தான் விடையென்று ஒருத்தி சொன்னாலும் முகம் சுளிக்காமல், “சரி, அதுக்கப்புறம் வீட்டில் என்ன நடக்கும்?” என்று வட்டத்திடம் கேள். கெட்டிக்காரிகள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

7. எல்லோரையும் ஒரு கோட்டில் நிறுத்தி, ‘சொந்த வீடு இருப்பவர்கள் ஒரு அடி முன்னே வாருங்கள், கல்லூரி போனவர்கள் இன்னொரு அடி’ என்று நடத்துகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. சமத்துவம் புரிவதற்காம். எனக்குப் பிடிக்காது. முன்னால் வந்தவர்களுக்கு ஞானம் பிறக்கலாம். கடைசிவரை கோட்டிலேயே நின்றவளுக்கு அதில் தெரியாதது என்ன இருக்கிறது? ஒருத்தியின் கஷ்டத்தை இன்னொருத்திக்குப் பாடமாக்காதே.

8. பேசாமல் இருக்கிறவளை உலுக்காதே. ‘நான் பாஸ்’ என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடு. ஒரு சுற்றில் நீயே ஒருமுறை சொல்லிக் காட்டு. யாராவது அழுதால் விளையாட்டை நிறுத்து, தண்ணீர் கொடு, மேலே தோண்டாதே. ஆறுதல் சொல்வதற்கும் ஆழம் பார்ப்பதற்கும் நடுவே நூலிழைதான். அடி, உதை என்று தெரிய வந்தால் கூட்டம் கலைந்த பிறகு தனியாகப் பேசு. 181 மகளிர் உதவி எண்ணைக் கையில் எழுதிக் கொடு. மேலதிகாரிக்கு வெற்றிக் கதையும் போட்டோவும் வேண்டியிருக்கும். வட்டத்தில் விழுந்த கண்ணீர் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை அட்டையில் அச்சாகி, அந்தப் பெண்ணின் மாமியார் கைக்கே போனதைப் பார்த்தவள் நான். செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும், நீயும்தான்.

9. நேரத்தில் முடி. அவர்கள் பால் கறக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும். சுவாரசியமாகப் போகிறதே என்று இழுத்தால் வீட்டில் பேச்சு வாங்குவது அவர்கள்தான். அடுத்த முறை அனுப்ப மாட்டார்கள். போனதும் முதல் கேள்வியாக, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள். உனக்கும் அந்த பஸ்தான்.