செய்தி ஓடையும் அதன் மதகும்

(மூன்றாம் ஆண்டு, கணினித் துறை)



நாம் செய்யும் புராஜெக்ட்டைப் படம் எடுத்து ஒரு சமூக ஊடகத்தில் போடுகிறோம்; அதன் விளக்கத்தை இன்னொன்றில் எழுதுகிறோம். அவையெல்லாம் நம்முடைய சொந்தத் தளத்திலும் தாமாகவே வந்து சேர்ந்தால் எவ்வளவு வசதி! இதற்கு உதவுவதுதான் ‘ஃபீட்’. தமிழில் ‘செய்தி ஓடை’ என்கிறார்கள்.

ஓடை பிறந்த கதை

1999 மார்ச் மாதம் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்.எஸ்.எஸ். என்ற ஓடை முறையை வெளியிட்டது. பல தளங்களின் செய்தித் தலைப்புகளை ஒரே பக்கத்தில் காட்டுவதே அதன் நோக்கம். இதை உருவாக்கியவர்கள் டான் லிப்பி, ராமநாதன் வி. குஹா ஆகிய இருவர். குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்தவர். நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!

எப்படி வேலை செய்கிறது?

ஓடை என்பது எக்ஸ்.எம்.எல். முறையில் எழுதிய ஒரு கோப்பு, அவ்வளவுதான். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, முகவரி, சுருக்கம், தேதி, தனி அடையாளம் ஆகியவை இருக்கும்.

1. நம் தளத்து புரோகிராம் குறித்த இடைவெளியில் போய் அந்தக் கோப்பைக் கேட்கும்.

2. மாற்றம் எதுவும் இல்லையென்றால் எதிர்ப்பக்க சர்வர் ‘304’ என்று பதில் தரும். ‘புதுசா ஒண்ணும் இல்லை, முன்பு வாங்கினதே போதும்’ என்று அர்த்தம். கோப்பு மறுபடி வராது, டேட்டா மிச்சம்.

3. மாற்றம் இருந்தால் கோப்பு வரும். தனி அடையாளத்தை ஒப்பிட்டுப் பார்த்து, புதிய பதிவை மட்டும் சேர்த்துக்கொள்ளும்.

பொதுவான ஓடைக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். பாட்காஸ்ட் நிகழ்ச்சிகள் இன்றும் இந்த வழியில்தான் வருகின்றன.

மதகு யார் கையில்?

வாசகர் தங்கள் இடத்துக்கே வந்தால்தான் நிறுவனத்தால் விளம்பரம் காட்ட முடியும். ஓடை வழியாக வெளியிலிருந்தே படித்துவிட்டால் வருமானம் ஏது? இன்று எக்ஸ் எனப்படும் டுவிட்டர், 2013 ஜூனில் தன் ஆர்.எஸ்.எஸ். ஓடைகளை நிறுத்தியது. 2013 ஜூலை 1 அன்று, ஓடைகளைச் சேர்த்துப் படிக்க உதவிய கூகுள் ரீடரும் மூடப்பட்டது.

ஓடைக்குப் பதிலாக இந்நிறுவனங்கள் தருவது ஏ.பி.ஐ. இது மதகு வைத்த வாய்க்கால் மாதிரி. பதிவு செய்து அனுமதி வாங்கினால் தண்ணீர் வரும். ஆனால் மதகை இறக்குவது அவர்கள் இஷ்டம். 2024 டிசம்பர் 4 அன்று இன்ஸ்டாகிராம், சாதாரணக் கணக்குகளுக்கான ‘பேசிக் டிஸ்ப்ளே’ ஏ.பி.ஐ.யை நிறுத்தியது. அதை நம்பித் தம் தளத்தில் படங்களைக் காட்டியவர்களுக்குப் புதுப் படங்கள் வருவது நின்றுபோனது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். வேலைக்குச் சொல்லிவிட மாமாவோ சித்தப்பாவோ எந்தக் கம்பெனியிலும் இல்லை. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவனுக்கு அவன் செய்து வைத்த வேலைதான் சிபாரிசு. இன்டர்வியூ அன்று அந்தப் பக்கம் காலியாக இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

நாம் செய்ய வேண்டியவை

* மூலப் படத்தையும் எழுத்தையும் தேதியோடு முதலில் நம்மிடம் சேமிக்க வேண்டும். பிறகுதான் ஊடகத்தில் போட வேண்டும்.

* நிறுவனம் தரும் துணுக்கு நிரலை அப்படியே ஒட்டினால், நம் பக்கத்தைப் பார்க்க வருபவரின் பிரவுசர் நேராக அந்நிறுவனத்தோடு பேசும். வந்தவர் விவரம் அங்கே போகும். நம் சர்வரே ஓடையை வாங்கிப் பிரதி எடுத்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. நாளை மதகு இறங்கினாலும் பழைய பதிவுகள் நம்மிடமே நிற்கும்.

* திறந்த ஓடை தரும் இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். உதாரணமாக, மாஸ்டடானில் பொதுக் கணக்கின் முகவரிக்குப் பின்னால் ‘.ஆர்எஸ்எஸ்’ என்று ஆங்கில எழுத்தில் சேர்த்தாலே ஓடை கிடைத்துவிடும்.

* நம் தளத்துக்கும் ஓர் ஓடை வைக்க வேண்டும். அப்போது மற்றவர்களும் நம் வேலையைத் தொடர்ந்து பார்க்கலாம்.

முடிவுரை

சமூக ஊடகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் பார்க்கும் இடம் அதுதான். ஓடை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் ஓடட்டும். ஊற்று மட்டும் நம்மிடம் இருக்கட்டும்.